கோழிக்கால் தையல்

மகன்,

நீ அனுப்பிய துணி போன மாதமே வந்துவிட்டது. நான்தான் உனக்குச் சொல்லவில்லை. தபால்காரர் பொதியைக் கையில் தந்தபோது உள்ளே வெறும் கடதாசி என்று நினைத்தேன், அவ்வளவுக்குப் பாரமில்லை. பிரித்தால் நாலு நிறத்தில் துணி. ஊதினால் பறக்கும், தண்ணீர் ஊற்றினால் ஒட்டாமல் உருண்டு ஓடும். நல்ல துணி, பொய் சொல்லக்கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் நீயும் நீ கட்டப்போகிற அந்தப் பிள்ளையும் பத்து நாள் மலையில் நடக்கப் போகிறீர்கள் என்றாய். உடுப்பு, சாப்பாடு, மருந்து என்று வகை வகையாகப் பிரித்துப் போட மெல்லிய சுருக்குப் பைகள் வேண்டும் என்றாய். "நீங்கதானே அம்மா முந்திக் குடைத்துணியில தைச்சீங்க, அப்பிடித் தைச்சுத் தாங்க" என்று ஏதோ முறுக்குச் சுட்டுத் தரக் கேட்பதுபோலக் கேட்டாய். நான் கண் சரியில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோர்க்க இன்றைக்கும் எனக்குக் கண்ணாடி வேண்டாம்.

எனக்கு வந்தது கோபம். முதுகில் சுமையைக் கட்டிக்கொண்டு நடக்க ஆசைப்படுகிற சனமும் உலகத்தில் இருக்கிறதா? நாங்கள் நடந்த நடைக்கு யாராவது ஒரு போத்தல் தண்ணீர் தந்திருந்தால் அவன் காலில் விழுந்திருப்பேன். நீ லீவு போட்டுவிட்டு நடக்கப் போகிறாய். இரண்டு நாள் துணியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்து வெட்டினேன். துணி என்ன பாவம் செய்தது? இப்போது ஐந்து பை தைத்து முடித்து இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். ஆறாவதாக ஒரு கறுப்புப் பை இருக்கும். அது இப்போது தைத்ததல்ல. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நீ விமானத்துக்குப் போகிற அன்று உன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாய். அதற்கு நான் மறுமொழி சொல்லவில்லை. அதையும் இதில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செத்துப்போனால் என் கட்டை வேகாது.

கடல் வந்த அன்று உனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பதினைந்து. களுவாஞ்சிக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்தோம். காலையில் நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். சனம் "கடல் வருகுது" என்று கத்திக்கொண்டு ரோட்டால் ஓடியது. கடல் எப்படி வரும் என்று நான் சிரித்தேன். பிறகுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அண்ணன் உன்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருந்த வாவிப் பக்கமாக ஓடினான். நான் வாசலைத் தாண்டிவிட்டேன், அப்பாவும் தாண்டிவிட்டார். அங்கே நின்று கிறுகி, திரும்பிப் பார்த்துக் கத்தியவள் நான்தான். "பெட்டியை எடுங்க" என்றேன். காணி உறுதிப் பத்திரமும் என் கூறைச் சேலையும் நகையும் இருந்த ட்ரங்குப் பெட்டி. அவர் திரும்பி ஓடினார். பெட்டிக்குப் பூட்டு உடைந்திருந்ததால் குறுக்கே கயிறு கட்டி வைத்திருந்தோம். அந்தக் கயிற்றின் நுனியைக் கை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். தண்ணீர் கறுப்பாக வந்தது. தகரம், கம்பி வேலி, மாடு, மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துக்கொண்டு வந்தது. நான் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்தேன். அவர் என்னிடமிருந்து இரண்டு பாகம், இரண்டு ஆள் நீளம் தள்ளித்தான் போனார். ஒரு கையை நீட்டியிருந்தால் போதும், அதே மரத்தைப் பிடித்திருப்பார். அவருக்கு நீட்டக் கையில்லை. மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் காட்டுக்குள் கிடந்து எடுத்தார்கள். கயிறு மணிக்கட்டில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பெட்டி இன்னும் கையில் தொங்கியது, மூடி இல்லை. உள்ளே சேறும் ஒரு நண்டும் இருந்தன. அந்தப் பெட்டியைக் கோடரியால் கொத்தினேன், ஞாபகமிருக்கிறதா? பக்கத்து வீட்டார் வந்து என்னைப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு கடல் கண்ணில் படும் இடத்தில் இருக்கமாட்டேன் என்று உங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். பேய்க்குப் பயந்து பிசாசின் வளவுக்குள் குடி போனேன் என்று அப்போது தெரியாது. அங்கே போய் இருந்து நான் முதலில் செய்த வேலை பை தைத்ததுதான். இனி என் வீட்டில் யாரும் கையில் எதையும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. என்ன இருந்தாலும் முதுகில் இருக்க வேண்டும், இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும், வேண்டாத நேரம் ஒரு இழுப்பில் கழற்றி எறிய முடிய வேண்டும். அதற்கு ரெக்சின் பை சரிவராது, வெறும் பையே ஒரு கிலோ வரும். உடைந்த குடைகளைப் பொறுக்கினேன். குடைத்துணியைவிட மெல்லிய, நனையாத துணி அப்போது எனக்கு வேறு தெரியாது. நிவாரணத்துக்கு வந்து கிழிந்துபோன கூடாரங்களின் துணியையும் சேர்த்துக்கொண்டேன். நாளாக ஆக எனக்கு அதில் பைத்தியமே பிடித்துவிட்டது. அத்தான் மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசை முகட்டில் கட்டி, ஒவ்வொரு பையையும் பொருள் போட்டு நிறுத்தேன். பொத்தானைக்கூட நிறுத்துப் பார்க்கிறாள் என்று அக்கா சிரிப்பாள். உனக்கு ஒரு கிலோ. எனக்கு மூன்று கிலோ. அண்ணனுக்கு நாலு கிலோ. வாசல் ஆணியில் மூன்றும் வரிசையாகத் தொங்கும்.

அந்தப் பைகளின் வாயில், பாவாடைக்கு நாடா கோர்க்க மடிப்பதுபோல ஒரு மடிப்பு. அதில் ஓடும் நாடா கீழே வந்து அடியின் இரண்டு மூலையிலும் முடியும். நாடாவை இழுத்தால் வாய் சுருங்கும், அதே நாடாவைத் தோளிலும் மாட்டலாம். அப்படியென்றால் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த இரண்டு மூலைதான். அங்கே சாதாரணத் தையல் போட்டால் ஒரு மைல் தாங்காது. நான் ஒரு புள்ளியிலிருந்து மூன்று கோடு விரித்து, ஒவ்வொன்றையும் மும்முறை ஓட்டித் தைப்பேன். கோழி மண்ணில் மிதித்த அடையாளம் போல இருக்கும். கோழிக்கால் என்று நானே பெயர் வைத்தேன். வேறு யாரும் அப்படித் தைப்பதை நான் பார்க்கவில்லை. அதில் எனக்குப் பெருமை, மகன். கண்ட பெருமையும் அதுதான், கொண்ட கேடும் அதுதான். குடைத்துணியில் மட்டும் அந்தத் தையல் போட முடியாது, அத்தனை தரம் ஊசி ஏறினால் துணி கிழியும். அதனால் உங்கள் இருவருடைய குடைத்துணிப் பைகளிலும் மூலைக்கு அப்பாவின் வேட்டிக் கரையை மடித்து வைத்துத் தைத்தேன். என் பை கூடாரத் துணி. அதற்கு அடித்துண்டு தடிப்பாக வேண்டியிருந்தது.

அந்தத் தடித்த துணி எங்கிருந்து வந்தது என்றும் சொல்லவேண்டும். படுவான்கரை அப்போது இயக்கத்தின் கையில். வீட்டுக்கு ஒரு ஆள் தா என்று கேட்டார்கள். அண்ணனுக்குப் பதினாறு முடிந்ததும் நம் வீட்டுக்கும் இருவர் வந்தார்கள். ஒருவனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, இவனைத் தொட்டால் ஒன்றில் உன்னைக் குத்துவேன், இல்லாவிட்டால் என்னைக் குத்திக்கொள்வேன் என்றேன். வந்தவர்களில் மூத்தவன் ஆணியில் தொங்கிய என் பையை எடுத்துப் பார்த்தான். மூலையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். மறுநாள் பச்சைத் துணி இரண்டு உருளை வந்து இறங்கியது. துவக்குக் குண்டுகளின் ரவைக்கூடு வைக்கும் பைகளை நான் தைக்க வேண்டும், தைக்கும் வரைக்கும் மகனைக் கேட்கமாட்டார்கள். ஒன்றரை வருடம் தைத்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. அந்தப் பைகளைக் கட்டிக்கொண்டு போனவர்கள் யாரைக் கொன்றார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்றும் நினைக்கவில்லை. என் பிள்ளை வீட்டில் சோறு தின்றான், எனக்கு அது போதும். கசக்கி எறியும் வேலைதானே, எப்படியாவது தைத்துக் கொடுத்திருக்கலாம். முடியவில்லை. ஒவ்வொரு மூலையிலும் கோழிக்கால் போட்டேன். மிஞ்சிய வெட்டுத் துண்டுகளையும் எறிய மனம் வரவில்லை. தையல்காரி எந்தக் காலத்தில் துண்டுத் துணியை எறிந்தாள்? அதில் ஒன்றை எடுத்துத்தான் என் பைக்கு அடி வைத்தேன்.

பிறகு ஷெல் அடி தொடங்கியது. நீ சிலதை மறந்திருப்பாய், மறந்திருந்தால் நல்லது. முதலில் வயல் வட்டைக்குள் விழுந்தது. அறுவடைக்கு நின்ற நெல் எரிந்தது. பிறகு ஊருக்குள். அக்கா குடும்பம் முதல் நாளே போய்விட்டது. நாங்கள் மூவரும் ஆணியிலிருந்த பைகளை மாட்டிக்கொண்டு தோணித் துறைக்கு நடந்தோம். ரோட்டு முழுக்கச் சனம். சைக்கிளில் அலுமாரி, தலையில் தொலைக்காட்சிப் பெட்டி, ஒருவர் கதவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வளவுக் கந்தையர் முதுகில் ஒரு மூட்டை நெல். மழைபோல ஷெல் விழ எல்லாரும் வாய்க்காலுக்குள் பாய்ந்தோம். அவரும் பாய்ந்திருப்பார், மூட்டையை இறக்கிவிட்டுப் பாயப் பார்த்தார். குனிந்தபடியே தலையின் பின்பக்கம் இல்லாமல் போய்விட்டது. மூட்டை கிழிந்து நெல் அவர்மேல் கொட்டியது. நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தாத்தாவை மூடிட்டாங்க" என்றாய். அண்ணன் உன் முகத்தைத் தன் வயிற்றோடு அமத்திப் பிடித்துக்கொண்டு நடந்தான். நாங்கள் செத்த மாட்டின்மேலும் மனிதர்மேலும் மிதித்துத்தான் போனோம். எங்கள் கை சும்மா இருந்தது, முதுகில் பாரம் தெரியவில்லை. அந்த நேரத்திலும் என் மனதுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. பார், நான் சொன்னதுதான் சரி என்று. வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

தோணியில் இடம் கிடைத்தது. நடு வாவியில் எங்களுக்கு முன்னால் போன தோணி கவிழ்ந்தது. ஷெல் படவில்லை, பாரம்தான் கவிழ்த்தது. கையில் மூட்டையோடு விழுந்தவர்கள் மேலே வரவில்லை. எங்கள் தோணிக்காரன் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை. கரை சேர்ந்ததும் ஆமி வரிசையாக நிற்க வைத்தான். வெயில். எங்களுக்கு முன்னால் நாற்பது ஐம்பது பேர். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டு அழுதாய். எனக்கு முன்னால் நின்ற சனத்தின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் அப்பாவின் உயரம், அவனுக்கு வரிசையின் நுனி தெரிந்தது. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, உங்கட பை பாரம். மாத்துவம்" என்றான்.

"மடையா, நான் நிறுத்துத்தானே தந்தன். உன்டதுதான் பாரம்."

"இல்லம்மா, உங்கடதுதான் பாரம். தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு கிராமுக்குக் கணக்குத் தெரிந்தவள் நான், எனக்கே சொல்கிறான். பயத்தில் பொடியனுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். வெயிலில் நின்று வாதாடச் சீவன் இல்லை. என் மூன்று கிலோப் பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவனுடைய நாலு கிலோவை வாங்கி மாட்டினேன். தோளில் அந்த ஒரு கிலோ வித்தியாசம் உடனே தெரிந்தது. "மடையன்" என்று இன்னொரு தரம் சொன்னேன். அவன் சிரித்தான். அவனோடு நான் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வரிசையின் நுனியில் ஒரு மேசை. மேசையில் செத்த இயக்கப் பொடியன்களின் உடம்பிலிருந்து கழற்றிய சாமான்கள் கிடந்தன, இரத்தம் காய்ந்து. அதில் இரண்டு மூன்று நான் தைத்த ரவைப் பைகள். பக்கத்தில் துணியால் முகம் மூடிய ஒரு தமிழ் ஆள் மொழிபெயர்க்க நின்றான். சிப்பாய் வருகிறவர்களின் பைகளைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, வெறும் பையைப் புரட்டிப் பார்ப்பான். உன்னுடையதையும் என்னிடமிருந்ததையும் கொட்டிப் பார்த்துவிட்டு எறிந்தான். குடைத்துணி, வேட்டிக் கரை. அண்ணனிடமிருந்ததைக் கொட்டி, புரட்டி, அடியைத் தடவினான். பச்சைத் துணி. மூலையில் கோழிக்கால். மேசையிலிருந்த ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவன் முகம் மாறியதை நான் கண்டேன்.

"இது ஆர் தைச்சது?" என்று முகமூடி கேட்டான்.

"தெரியா. வழியில கிடந்து எடுத்தன்" என்றான் அண்ணன்.

சிப்பாய் துவக்கின் அடிப்பக்கத்தால் அவன் வாயில் அடித்தான். பல் உடைந்து விழுந்ததை நான் பார்த்தேன். மண்ணில் வெள்ளையாகக் கிடந்தது. முகமூடி மறுபடியும் கேட்டான், ஆர் தைச்சது. அண்ணன் இரத்தத்தைத் துப்பிவிட்டு அதையே சொன்னான். இன்னொருவன் முழங்காலில் அடித்து விழுத்தினான். விழுந்தவனைப் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தார்கள், ஒருவன் மாறி ஒருவன். நான் ஐந்து அடி தள்ளி நின்றேன், உன் முகத்தை என் இடுப்போடு அமத்திக்கொண்டு. நீ "அண்ணாவை ஏன்மா அடிக்கிறாங்க" என்று என் சேலைக்குள் கேட்டாய். என் வாய் திறந்தது. நான்தான் தைத்தேன் என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அவன் தரையில் கிடந்தபடி என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டலைச் சாட்டாக வைத்து நான் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன். அவன் வேண்டாம் என்றான், சின்னவனைப் பார்க்க ஆள் வேண்டும், அதனால் பேசாமல் இருந்தேன் என்று. பாதி உண்மை. மீதி, எனக்குப் பயம். பல் உடைபடும் சத்தத்தைக் கேட்டேன், என் பல்லுக்குப் பயந்தேன். இருவர் அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டிரக்கில் ஏற்றினார்கள். எங்களை "போ, போ" என்று தள்ளினார்கள். நான் கொட்டிக் கிடந்த சாமான்களையும் எறிந்த பைகளையும் பொறுக்கிக்கொண்டு போனேன். அதையும் செய்தேன், மகன்.

பள்ளிக்கூட முகாமில் போய் இருந்து பையைத் திறந்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவன் உடுத்தும் சாரம், அவனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ். கையில் இருந்தது அவன் பை, கறுப்புக் குடைத்துணி. என் பை மேசையில். அவன் வரிசையின் நுனியைப் பார்த்திருக்கிறான். பையின் அடியைத் தடவுவதைப் பார்த்திருக்கிறான். அந்தப் பச்சையும் அந்தத் தையலும் யாருடையது என்று அவனுக்குத் தெரியும், பொத்தான் தைக்கும்போதெல்லாம் பக்கத்தில் இருந்தவன். எறிந்துவிட இடமில்லை, சுற்றிவர ஆமி. அதனால் மாற்றிக்கொண்டான். தராசில் நிறுத்த எனக்கு அது விளங்கவில்லை. மறுநாள் உன்னை அங்கே வந்திருந்த அக்காவிடம் விட்டுவிட்டு ஆமி முகாம் வாசலுக்குப் போனேன். நான்தான் தைத்தேன், என்னைப் பிடியுங்கள், அவனை விடுங்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்படி ஒருவரையும் இங்கே கொண்டுவரவில்லை என்றார்கள். அன்றிலிருந்து எத்தனை முகாம், எத்தனை சிறை, எத்தனை விசாரணை. எல்லா இடத்திலும் அதையே சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்தது என்று சந்தியில் வெடி கொளுத்திய அன்று நான் அண்ணனின் படத்தோடு பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு சிப்பாய் தட்டில் பாற்சோறு நீட்டினான். தட்டிவிட்டேன், சோறு அவன் சட்டையில் தெறித்தது. அந்தச் சிப்பாய்க்குப் பதினெட்டுப் பத்தொன்பது இருக்கும். அடிப்பான் என்று காத்துக்கொண்டு நின்றேன், அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஊர் வாய்க்கு மூடி உண்டா? பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் இயக்கம்தான் என்று கதை கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் உன்னை அதைச் சொல்லிப் பகிடி பண்ணினார்கள், நீ சட்டை கிழிந்து வந்தாய். அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என்ன செய்தேன்? பன்னிரண்டு வயதில் நீ அந்தக் கறுப்புப் பையைக் கண்டெடுத்து, அதற்குள் மாங்காய் போட்டுக்கொண்டு வந்தாய். அளவுகோலை எடுத்து, அது உடையும் வரைக்கும் உன்னை அடித்தேன். உடைந்த பிறகு கையால் அடித்தேன். உன் காதில் இரத்தம் வந்தது. ஏன் அம்மா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். போன மாதமும் தொலைபேசியில் சிரித்துக்கொண்டு அதைத்தான் கேட்டாய். மகன், அவன் விட்டுப்போனது அந்தப் பை ஒன்றுதான். அதில் மாங்காய்ப் பால் பட்டுவிட்டது. உன்னை அடித்த கை என்னை அடித்திருக்க வேண்டிய கை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ வெளிநாடு போகிற அன்று வாசலில் நின்று சொன்னாய், "அண்ணன் இயக்கத்துக்குப் போகாம இருந்திருந்தா நாம மனிசரா இருந்திருப்பம்" என்று. நான் ஓம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். மேசைக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதே வாய். உன் அண்ணன் இயக்கம் இல்லை. ஒரு நாளும் துவக்கைத் தொட்டதில்லை. இரண்டு பக்கத்திலும் அவன் தலையெழுத்து என் தையலில்தான் இருந்தது. நான் தைத்ததால் ஒரு பக்கம் அவனை விட்டது, நான் தைத்ததால் மறு பக்கம் அவனைத் தின்றது. அவன் போனது எனக்காக. நீ அவனை வெறுக்காதே. வெறுக்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.

இனி பைகளைப் பற்றி. துணி வழுக்குகிறது, குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கும் என்று உடுப்புக் கவ்வியால் பிடித்துத்தான் தைத்தேன். வெட்டிய விளிம்பை மெழுகுதிரிச் சுவாலையில் காட்டி உருக்கியிருக்கிறேன், நூல் பிரியாது. தையலுக்கு உள்பக்கம் மெழுகு தேய்த்திருக்கிறேன், ஆனாலும் ஆற்றில் போட்டால் கசியும். சிவப்பில் மருந்தும் தீப்பெட்டியும் போடு, அது எப்போதும் மேலே இருக்கட்டும். நீலத்தில் உடுப்பு. பச்சை நான் வெட்டவில்லை, அந்தத் துணியை அப்படியே திருப்பி வைத்திருக்கிறேன், கோபிக்காதே. எந்தப் பையையும் கல்லுப்போல் இறுக்கித் திணிக்காதே. கொஞ்சம் தளர விட்டால் பெரிய பைக்குள் இண்டு இடுக்கெல்லாம் போய் உட்காரும். பாரமானது முதுகெலும்பை ஒட்டி இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்கும்போது இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றிவிட்டு இறங்கு. கையில் ஒன்றும் வைத்திருக்காதே. விழுந்தால் பையை விட்டுவிடு. எந்தச் சாமானுக்காகவும் கிறுகிப் பார்க்காதே, அந்தப் பிள்ளை கத்தினாலும் பார்க்காதே. அவள் பையைப் பாரம் என்று நீ வாங்கினால் நிறுத்துப் பார்த்து வாங்கு. அவள் உன்னுடையதைக் கேட்டால், ஏன் என்று கேள். கேட்காமல் கொடுக்காதே.

கறுப்புப் பையைப் படம்போல மாட்டி வைக்காதே, மலைக்குக் கொண்டு போ. காலுறை போடு, மாங்காய் கிடைத்தால் மாங்காய் போடு. மூலையில் இருப்பது அப்பாவின் வேட்டிக் கரை, இன்னும் விடவில்லை. அப்பாவும் அண்ணனும் மலை பார்த்ததில்லை.

புதிய ஐந்தின் அடியையும் புரட்டிப் பார். அண்ணனைக் கொண்டுபோன நாளிலிருந்து நான் கோழிக்கால் தைத்ததில்லை. சட்டைப் பை கிழிந்து வந்தாலும் நேர்த் தையல்தான். உன் பைகளுக்கு அது வேண்டியதும் இல்லை, நாடா மூலைக்கு வருவதில்லை; ஆனால் இந்தத் துணி குடைத்துணிபோலக் கிழியாது, ஊசியைத் தாங்குகிறது. என்றாலும் பத்து மூலையிலும் போட்டிருக்கிறேன். முதல் மூலைக்கு அரை நாள் எடுத்தது, இரண்டு தரம் பிரித்தேன். பிறகு பழகிவிட்டது. உன் வழியில் எல்லை இருக்கும், காவல் இருக்கும், பையைக் கொட்டிப் பார்க்கிறவன் எந்த நாட்டிலும் இருப்பான். யாராவது அடியைப் புரட்டி, இதை யார் தைத்தது என்று கேட்டால், வழியில் கிடந்து எடுத்தேன் என்று சொல்லாதே. என் பெயரைச் சொல், ஊரைச் சொல். கேட்காவிட்டாலும் சொல். இதைத் தைத்தது நான்.

அம்மா